குற்றவாளிக் கூண்டும் என் வாயும்

மலாயில் நடக்கும் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேலை என்பது, ஊரார் வாயாக இருந்துகொண்டு நம் வாயை மூடி வைத்திருப்பது. ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் எப்போது பெயர் கூப்பிடுவார்களோ என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். கூப்பிட்ட பிறகு உள்ளே நடந்ததில் மூன்றைச் சொல்கிறேன்.

கோத்துச் சொன்னது

அடிதடி கேஸில் மாட்டிய ஒரு வெல்டர். அவரைத்தான் முதலில் நாலு பேர் அடித்தார்கள் என்பது அவருடைய வக்கீலின் வாதம். என்ன நடந்தது என்று கேட்டதற்கு, சத்தம், அப்புறம் தெரியவில்லை, ரத்தம், கையில் கம்பி என்று துண்டு துண்டாகச் சொன்னார். எல்லோருக்கும் புரியட்டும் என்று நான் முன்பின் கோத்து அழகான மலாயில் சொன்னேன்: சத்தம் கேட்டது, கம்பியை எடுத்தேன், ரத்தம் வந்தது.

அப்படியானால் தெரிந்தேதானே கம்பியை எடுத்தார் என்று அரசுத் தரப்பு பிடித்துக்கொண்டது. அவர் அப்படிச் சொல்லவில்லை, பிழை என்னுடையது என்று மெஜிஸ்திரேட் அம்மாவிடம் எல்லோர் முன்னும் ஒப்புக்கொண்டேன். பதிவைத் திருத்தினார்கள். வெல்டருக்கு மலாய் புரியும், பேசத்தான் வராது. வெளியே வந்ததும் கோபமில்லாமல் கேட்டார்: "எனக்கே ஞாபகம் இல்லாதத நீங்க எப்படிக்கா சொன்னீங்க?"

சாத்திய கதவு

கடலுக்கு அக்கரையில் சுங்கை பாக்காப் ஊர் லாரி ஓட்டுநர் ஒருவர், எங்கள் ஜார்ஜ் டவுன் தீவில் ஒரு பாதுகாவலரைத் தள்ளிவிட்ட கேஸ். கான்ஸ்டபிள் கூண்டுக் கதவைச் சாத்தியதும் ஓட்டுநர் தலையை மூடிக்கொண்டு கீழே சரிந்தார். நடிப்பு என்றது அரசுத் தரப்பு. பின்வரிசையில் இருந்த அவருடைய அக்கா எழுந்தார். முன்பு ஒரு விபத்தில் கவிழ்ந்த லாரிக்குள், இறந்துபோன உதவியாளர் பக்கத்தில், கதவை அறுத்து எடுக்கும்வரை தம்பி சிக்கிக் கிடந்ததைச் சொன்னார். ஒரு சொல் கூட்டாமல் மொழிபெயர்த்தேன்.

கதவைத் திறந்தே வைக்கச் சொன்னார் மெஜிஸ்திரேட் அம்மா. ஆள் ஓடினால் கான்ஸ்டபிள்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் கதவோரம் காலை அகட்டி நின்றார். ஓட்டுநர் மெல்ல எழுந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். முடிந்ததும் கான்ஸ்டபிள் என் பக்கம் குனிந்து சொன்னது: "பூட்டியிருந்தாதான் ஓடியிருப்பாரு லா."

மழை

அந்தப் பெண் அக்கரையில் மாக் மண்டின் பகுதித் தொழிற்சாலைக்குத் தினமும் ஃபெரியில் போய் வருகிறவர். புருஷனின் கையைக் கத்தியால் வெட்டியதாகக் கேஸ். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் "ஆமாங்க" என்றார். தண்டனை என்னவென்று புரிகிறதா? "ஆமாங்க." அவர் கண் என் மேல் இல்லை, முன்வரிசையில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த புருஷன் மேல் இருந்தது.

சொந்தமாகப் பேச எனக்கு உரிமை கிடையாது. வேலை போனால் போகட்டும் என்று, இவர் எதற்கும் ஆமாம் சொல்வார் போலிருக்கிறது என்றேன். மெஜிஸ்திரேட் அம்மா என்னை முறைத்தார். பிறகு, வெளியே மழை பெய்கிறதா என்று கேட்கச் சொன்னார். ஜன்னலில் தார் உருகும் வெயில்.

"ஆமாங்க."

ஒப்புதலைப் பதியவில்லை. புருஷனை வெளியே உட்காரவைத்து, இலவச சட்ட உதவி வக்கீலைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண்ணை டாக்டரிடம் அனுப்பவும் உத்தரவானது. வராந்தாவில் தண்ணீர் கொடுத்து, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆமான்னுட்டா அடி நின்னுடும்க்கா."

மொழிப் பரீட்சை எல்லாம் பாஸ் பண்ணித்தான் இந்த வேலைக்கு வந்தேன். பயந்தவர்கள் பேசுகிற மொழிக்குப் பரீட்சை வைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.