மேல்மாடியில் ஓர் அழுகை

இல்ஃபோர்டில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் யாரோ அழுதார்கள். "டிவியாயிருக்கும், பேசாமல் இரும்," என்றார் கணவர். எனக்கு நோர்வேயில் நாங்கள் அகதிகளாக இருந்த குளிர்காலம் நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. மேல்வீட்டில் ஒரு முதியவர் தனியே இருந்தார். அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்த ஒரு மாலை, சுவர் அதிர அவர் கதறினார்.

"போகாதேங்கோ. எங்கட கேஸ் இன்னும் முடியேல்லை. பொலிஸ் வந்தால்?" என்று அம்மா அப்பாவின் கையைப் பிடித்தார். அப்பா உதறிவிட்டு, மொழிபெயர்க்க என்னையும் கூட்டிக்கொண்டு மேலே ஓடினார்.

கதவைத் திறந்தவர் திகைத்துப்போனார். அவர் நாடக நடிகராம்; ஒத்திகை பார்த்தாராம். அப்பா வெட்கத்துடன் மன்னிப்புக் கேட்டார். முதியவர் சிரிக்கவில்லை.

"நாற்பது வருடம் மேடையில் அழுதிருக்கிறேன், கைதட்டுவார்கள். மனைவி இறந்து, இந்த வீட்டில் அழுதபோதும் பிள்ளைகள் நடிப்பென்றே நினைத்தார்கள். ஓடிவந்தது நீங்கள்தான்."

நான் தமிழில் சொல்லி முடிக்குமுன்பே அப்பா அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

இல்ஃபோர்டில் நானும் படியேறினேன். கதவைத் தட்டியதும் அழுகை நின்றது. வீங்கிய கண்களுடன் ஒரு பெண் எட்டிப்பார்த்தாள்.

"ஒண்டுமில்லை அக்கா," என்றாள். ஆனால் கதவை மூடவில்லை.