கீழ்த்தளத்து மின்பலகை

ஜப்பானில் கடல் பொங்கி அணு உலைக்குள் புகுந்த பிறகு, எங்கள் ஆராய்ச்சி உலையின் பாதுகாப்பையும் மறுபடி சோதிக்கச் சொன்னார்கள். மருத்துவத்துக்கும் ஆய்வுக்கும் வேண்டிய பொருள்களைச் செய்யும் சின்ன உலை. கடலிலிருந்து வெகுதூரம். நமக்கு ஒன்றும் வராது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

துணைக்கு ஓர் எலெக்ட்ரீஷியனைக் கொடுத்தார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் ஆத்தூர்க்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். நான் தூத்துக்குடி என்பதால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கட்டடம் முழுக்கச் சுற்றிவிட்டுக் கீழ்த்தளத்துக்கு வந்தபோது, சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓடிய பழுப்புக் கோட்டைக் காட்டினார்.

“கேபிள் போற பள்ளம் வழியா மழைத்தண்ணி உள்ள வருதுக்கா. எறச்சு ஊத்திருவோம். யாரும் எழுதி வைக்கல.”

அவசர ஜெனரேட்டரும் அதன் மின்பலகையும் அந்தத் தளத்தில்தான் இருந்தன. கரண்ட் போனால் உலையின் சூட்டைத் தணிக்கும் பம்புகள் அவற்றை நம்பித்தான் ஓட வேண்டும்.

அந்த வாரம் லீவில் ஊருக்கு வந்தேன். அண்ணன் கப்பலில் சீஃப் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுவதை நிறுத்தினான்.

“ஏளா, கப்பல்ல அவசர ஜெனரேட்டர மேலதான் வப்போம். எஞ்சின் ரூம் முங்கினாலும் அது ஓடணும்லா. இத்தன படிச்சவிய அத எப்படி கீழ வச்சிய?”

திரும்பிப் போனதும், ‘அவசர ஜெனரேட்டரையும் மின்பலகையையும் உடனடியாக மேல்தளத்துக்கு மாற்ற வேண்டும்’ என்று எழுதினேன். இயக்குநர் கூப்பிட்டார். கெட்டவர் அல்ல.

“உடனடியாகன்னு போட்டா, மாத்துற வரைக்கும் உலையை நிறுத்தணும். நம்ம மருந்துக்கு ஆஸ்பத்திரிகள் காத்திருக்கு. வார்த்தையைக் கொஞ்சம் பாருங்க.”

அவர் வற்புறுத்தவில்லை. என் மேசைக்குப் போய், ‘உடனடியாக’ என்பதை அழித்து ‘படிப்படியாக’ என்று போட்டுக் கையெழுத்திட்டேன்.

“எழுதிட்டியளாக்கா?” என்று கேட்டார் எலெக்ட்ரீஷியன்.

“எழுதிட்டேன்.”

நான் ஓய்வு பெறும்வரை இரண்டும் அங்கேயே இருந்தன. ஒவ்வோர் ஆண்டும் ‘பணி நடைபெறுகிறது’ என்று ஒரு வரி எழுதுவோம். பிறகு தூத்துக்குடிக்கே வந்துவிட்டேன். அடுத்த மழையில் போன் வந்தது. பழைய சக ஊழியர்.

“மெயின் கரண்ட் போச்சு, கீழ்த்தளத்துல தண்ணி. உலை தானா நின்னுருச்சு மேடம், பேட்டரி தாங்கிச்சு. உலைக்கு ஒண்ணும் ஆகல.” அதையே இன்னொரு முறை சொன்னார். அதன் பிறகுதான், ஜெனரேட்டரை ஓட்டப் பார்க்கத் தண்ணீருக்குள் இறங்கிய எலெக்ட்ரீஷியன், அது கிளம்பியதும் நனைந்த மின்பலகையிலிருந்து ஷாக் அடித்து இறந்துவிட்டதைச் சொன்னார்.

கதிர்வீச்சுப் பாதிப்பு ஏதுமில்லை என்று விசாரணை அறிக்கை வந்தது. அது உண்மைதான். ஒரே மாதத்தில் ஜெனரேட்டரும் மின்பலகையும் மேல்தளத்துக்குப் போயின.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஆத்தூருக்குப் போனேன். அவர் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“அங்கன தண்ணி வருதுன்னு அக்கா எழுதியாச்சு, இனி மாத்திருவாவன்னு சொன்னாவ. நெசமாவே எழுதினியளா?”

“எழுதினேன்.”

“அப்ப உங்க மேல தப்பில்லக்கா. எழுதின பெறவும் மாத்தலன்னா நீங்க என்ன செய்வீய?”

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. என்ன எழுதினேன் என்றும் சொல்லவில்லை.

சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை புறப்பட்டேன். இரண்டு முறையும் ஆத்தூரில் இறங்காமல் திருச்செந்தூர்வரை போய், அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன். எங்கே போய் வருகிறாய் என்று அண்ணன் கேட்டான். கோயில் ஊருக்கு என்றேன். மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரிக்கு அங்கே என்ன வேலை என்று அவன் கேட்கவில்லை.