தானாக அழியட்டும்

பேருந்து நிலையத்தில் அவருக்கு மைக்காரர் என்று பெயர். அவர் அறிவிப்புச் சொன்னால் ஓடுகிறவன்கூட நின்று கேட்பான். வீட்டில் அந்தக் குரலுக்கு வேறு வேலை. குழம்பில் உப்பு குறைந்தால் போதும், மனைவியின் பிறப்பு வளர்ப்பையெல்லாம் தெருவுக்கே அறிவித்துவிடுவார். கண் மருத்துவமனையில் கணினியில் பதிவு போடும் அவள், கல்யாணமான நாளிலிருந்து எல்லாவற்றையும் வாய்மூடிக் கேட்டுக்கொண்டாள்.

பிறகு அவருக்குத் தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு குழாய், பேசுவதற்கு எழுதி அழிக்கிற பலகை என்றாகிவிட்டது வாழ்க்கை.

மடிக்கணினியில் அவருடைய பழைய அறிவிப்புகள் பதிவாகி இருந்தன. மகள் வந்திருந்த அன்று, அவளை வைத்துக்கொண்டே மனைவி சொன்னாள்: "இந்தக் குழாயை நான் கழுவணும்னா அந்தக் குரல் இந்த வீட்டுல இருக்கக் கூடாது. இப்பவே அழிங்க."

மகள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் அழித்தார்.

சில மாதம் கழித்து ஒருநாள் அவள் வேலையிலிருந்து சீக்கிரமே வந்தாள். அவர் காதில் இயர்போனோடு, கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் பதறிப்போய் மடிக்கணினியை மூடினார். அவர் தூங்கும்போது திறந்து பார்த்தாள். அழித்தவை எல்லாம் கணினியின் குப்பைத்தொட்டியில் பத்திரமாக இருந்தன. வேண்டும்போது வெளியே எடுத்துக் கேட்டுவிட்டு, மறுபடி அங்கேயே போட்டு வந்திருக்கிறார்.

குப்பைத்தொட்டியில் முப்பது நாளுக்கு மேல் கிடப்பதைத் தானாக அழித்துவிடும்படி அமைத்தாள். மருத்துவமனைக் கணினிகளில் அப்படித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அவர் வாராவாரம் எடுத்துப் போட்டதால் நாள் கணக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கியது. அவள் அவசரப்படவில்லை.

கழுத்தில் சீழ் பிடித்து ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தினமும் கஞ்சி கொண்டுபோனாள், துணி மாற்றினாள். "இப்படி ஒரு பொண்டாட்டி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்யா" என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் மடிக்கணினியைத்தான் திறந்தார். வெகுநேரம் தேடினார். பிறகு பலகையில் எழுதி நீட்டினார்: 'எங்கே?'

"கண்ணாடி இல்லாம படிக்க முடியலீங்க" என்று அரிசி களையப் போனாள். பின்னாலேயே வந்து பெரிதாக எழுதிக் காட்டினார். அவள் ஈரக் கையால் பலகையைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் மகளுக்குச் செய்தி அனுப்பியிருக்க வேண்டும். சாயங்காலம் மகள் அழைத்தாள்.

"அப்பா என்னமோ எழுதியிருக்காரும்மா. அவர் குரலை நீ அழிச்சிட்டியாமே?"

"அவர்தான் அழிச்சாரு. நீதான் பக்கத்துல நின்னு பார்த்தியே."

"அதானே, நானும் பார்த்தேனே. மருந்து மயக்கத்துல மறந்திருப்பாரு. பாவம், பக்குவமாச் சொல்லும்மா."

எதிரே சாப்பிட உட்கார்ந்திருந்தவர் வாயை அகலத் திறந்தார். கழுத்துத் துளையில் காற்று மட்டும் சீறியது. தட்டை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்தார்.

"என்னம்மா சத்தம்?"

"ஒண்ணுமில்லடி. அப்பா சாப்பிட்டுட்டு இருக்காரு."

போனை வைத்துவிட்டு அவருக்குக் குழாய் கழுவ வெந்நீர் போட்டாள்.