பதினெட்டு அடுப்படிகளில் ஓர் ஓட்டை

கட்டடக்கலை படித்தவர்கள் பிறகு என்னதான் ஆகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஷாமிளாவின் கைப்பேசியைப் பார்த்தால் போதும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அவளோடு ஐந்து வருஷம் ஒன்றாகக் கண்விழித்தவர்கள் எல்லாரும் அதில் ஒரு வாட்ஸப் குழுவாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் துபாயில் ஒரு கோபுரத்தின் கழிவறைகளை மட்டும் இரண்டு வருஷமாக வரைந்துகொண்டிருக்கிறான். ஒருத்தி டெலி நாடகங்களுக்கு வீடு போடுகிறாள், முன்சுவர் மட்டும் உள்ள வீடு. இரத்தினபுரியில் ஸாஜித் மாணிக்கக் கடைகளுக்கு உள்ளலங்காரம் செய்கிறான். கல்லை விட லைட்டுதான் முக்கியம் என்பது அவன் கொள்கை. இன்னொருத்தி எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு கேக் செய்யப் போய்விட்டாள். குழுவிலேயே அவள்தான் சந்தோஷமாக இருக்கிறாள் என்று ஒரு பேச்சு உண்டு.

ஷாமிளா புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், ஆறு காம்பரா, அதாவது ஆறு அறை, வரிசையாக ஒட்டிய தொழிலாளர் லயத்தின் நாலாவது காம்பராவில் பிறந்தவள். அம்மா வெள்ளையம்மா பால்வெட்டுக்காரி. மகள் என்ன படிக்கிறாள் என்று லயத்துக்கு விளங்கவைப்பதற்குள் அப்பா கன்னையாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. வீடு கட்டுகிற ஆள் என்றால் அங்கே பாஸ் என்கிற கொத்தனார்தான். "அப்ப பாஸ் வேலைக்கா புள்ள அஞ்சு வருஷம் படிக்குது?" என்று கேட்டார்கள். கன்னையா பல நாள் யோசித்து, "இது என்ஜினியருக்கும் மேல" என்று ஒரு பதிலைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

படிப்பு முடிந்து மூன்று வருஷம் கொழும்பில் ஹோட்டல் படிக்கட்டுகள் வரைந்தாள். பிறகு ஒரு வீடமைப்பு நிறுவனத்தில் சேர்ந்தாள். சேர்ந்த இரண்டாவது வருஷமே அவள் பிறந்த தோட்டத்துக்கே பதினெட்டு வீடு கட்டும் வேலை வந்தது. லயத்தில் பிறந்தவள் லயத்துக்காரர்களுக்கு வீடு வரைகிறாள் என்று பத்திரிகையில் படம் போட்டார்கள். வாட்ஸப் குழுவில் கைதட்டல் கொட்டியது. துபாய்க்காரன், "நீதாண்டி உண்மையா வீடு கட்டினது" என்று எழுதினான். அவளுக்குப் பெருமைதான், இல்லாமல் இருக்குமா?

சாவி கொடுத்து ஏழாவது மாதம், ஒரு திங்கட்கிழமை, இப்திகார் போனில் பேசினார். தளத்துக்குப் பொறுப்பான என்ஜினியர். மாவனல்லைக்காரர். மகா பொறுமைசாலி, அன்றைக்கு மட்டும் பொறுமை இல்லை.

"ஷாமிளா, நீங்க ஒடனே மேல வாங்க. உங்கட வீட்டையெல்லாம் ஒடச்சி வச்சீக்காங்க."

"எந்த வீட்ட சேர்?"

"எந்த வீடா? பதினெட்டையும்!"

போய்ப் பார்த்தாள். உண்மைதான். ஒவ்வொரு வீட்டிலும் அடுப்படியின் பக்கச் சுவரில், சரியாக ஒரே ஒரு சீமெந்துக் கல்லைப் பெயர்த்து எடுத்திருந்தார்கள். விளிம்பைச் சுற்றிச் சாந்து பூசி ஒழுங்கும் பண்ணியிருந்தார்கள். ஆத்திரத்தில் உடைத்தவன் அப்படிப் பூசிக்கொண்டிருக்க மாட்டான்.

இப்திகாருக்குக் கவலை வேறு. வெள்ளிக்கிழமை கொழும்பு அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் பார்வையிட வருகிறார். அவர் எழுதும் அறிக்கையை வைத்துத்தான் அடுத்த இருபத்துநாலு வீடு. குடியிருக்கிறவர்கள் வீட்டைச் சேதப்படுத்தினார்கள் என்று எழுதிவிட்டால் அதோடு முடிந்தது, இருபத்துநாலும் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். அந்தப் பட்டியலில் பதினோராவது பெயர் வெள்ளையம்மா. இன்னமும் அதே நாலாவது காம்பராவில், தகரம் பறக்காமல் இருக்க மேலே பழைய டயரை ஏற்றி வைத்துக்கொண்டு இருக்கிறாள்.

"நான் ரெண்டு பாஸ்மாருக்குச் சொல்லிட்டேன்," என்றார் இப்திகார். "வியாழனுக்குள்ள பதினெட்டையும் அடச்சி, பூசி, பெயின்ட்டும் அடிச்சிரலாம். யாரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க."

நல்ல யோசனைதான். ஆனால் ஷாமிளாவுக்கு மண்டை குடைந்தது. ஒரு வீட்டில் ஓட்டை என்றால் குடிகாரன் வேலை என்று விட்டுவிடலாம். பதினெட்டு வீட்டிலும், அதே சுவரில், ஒரே ஒரு கல் என்றால் அதற்குக் காரணம் இருந்தாக வேண்டும். "எனக்கு ரெண்டு நாள் தாங்க சேர்," என்றாள்.

இப்திகார் சிக்னலுக்குத்தான் என்றார். ஓட்டையில் போனை வைத்தால் கோடு ஏறுமாம். வைத்துப் பார்த்தார்கள், ஏறவில்லை. புகை போக என்று ஷாமிளா நினைத்தாள். விளிம்பைத் தடவிப் பார்த்தாள், விரலில் கரி ஒட்டவில்லை. அடுத்த வீட்டுக்குக் குழம்பு கொடுக்க என்றால், அந்தப் பக்கம் அடுத்த வீடே இல்லாத கடைசி வீட்டிலும் ஓட்டை இருந்தது. வீடு வீடாய்க் கேட்டும் பார்த்தாள். "சும்மாதான் பாப்பா" என்றார்கள். "காத்து வரட்டும்னு" என்றார்கள். நல்ல வீடு, தங்கமான வீடு, ஒரு குறையும் இல்லை என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தோட்டத்துப் பிள்ளை வரைந்த வீட்டில் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

வாய் சொல்லாததை நாடா சொல்லட்டும் என்று அளக்க ஆரம்பித்தாள். அங்கேதான் வேடிக்கை. ஓட்டை எல்லா வீட்டிலும் ஒரே உயரத்தில் இல்லை. பெரும்பாலும் ஏழாவது வரிசைக் கல். இரண்டு வீட்டில் எட்டாவது வரிசை. அந்த இரண்டு வீட்டுப் பெண்களும் நல்ல உயரம். சுப்பம்மா என்பவளின் வீட்டில் மட்டும் நாலாவது வரிசை, முழங்காலுக்குச் சற்று மேலே. இன்னொன்றும் கண்ணில் பட்டது. எல்லா வீட்டிலும் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு டோர்ச் இருந்தது.

புதன்கிழமை பின்னேரம் மறுபடி சுப்பம்மாவின் அடுப்படிக்குப் போனாள். சுப்பம்மா சமையல் மேடையைச் சீண்டுவதில்லை, தரையில் அடுப்பை வைத்து, பலகையில் உட்கார்ந்துதான் சமையல். ஷாமிளா அந்தப் பலகையில் உட்கார்ந்தாள். ஓட்டை நேராகக் கண்ணுக்கு வந்துவிட்டது. குனிந்து நிமிர வேண்டிய தேவையே இல்லை. வெளியே பார்த்தாள்.

"சுப்பம்மாக்கா, இதுல பாத்தா ஒரு ரப்பர் மரந்தானே தெரியுது?"

"ஒரு மரம் போதுமே பாப்பா," என்றாள் சுப்பம்மா. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஷாமிளா மறுபடி ஓட்டை வழியாகப் பார்த்தாள். மதியம் பெய்த மழையில் அந்த மரத்தின் பட்டை கறுத்துக் கிடந்தது. ஷாமிளாவுக்கு விளங்கிவிட்டது. விளங்கிய வேகத்தில் முகம் சுட்டது.

பால்வெட்டுக்காரர்களின் நாள் மரப்பட்டையில்தான் விடிகிறது. பட்டை வெளுத்திருந்தால் வெட்டு உண்டு. கறுத்திருந்தால் ஈரம், வெட்டினால் பால் கோட்டில் ஓடாமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும், அன்றைக்கு வெட்டு இல்லை. இராத்திரி மழை பெய்து விட்டிருந்தால்தான் பாடு. காய்கிறதா, காயவில்லையா என்று ஐந்து மணியிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் சோற்றை இப்போதே வடிப்பதா, பிள்ளைகளை எழுப்புவதா, வேலைக்கு ஆள் எடுக்கும் பிரட்டுக்களத்துக்கு ஓடிப் பெயர் கொடுப்பதா என்று எல்லாம். லயத்தில் அடுப்பு, சுவர் அடைத்த முன்திண்ணையான இஸ்தோப்பில், கதவோரம். கதவைத் திறந்து வைத்தால் அடுப்பை விட்டு நகராமலே டோர்ச்சை அடித்து மரத்தைப் பார்த்துவிடலாம். ஷாமிளா வரைந்த வீட்டிலோ அடுப்படி பின்னால், சன்னலுக்கு வெளியே வெட்டிய மண்மேடு. மரம் பார்க்க வேண்டுமென்றால் தூங்குகிற பிள்ளைகளைத் தாண்டிக்கொண்டு முன்கதவு வரை போக வேண்டும், கொதிக்கிற உலையை விட்டுவிட்டு.

"ஏங்க்கா முந்தியே சொல்லல?"

"பிளானப் பத்திப் பெரிய கூட்டம் வச்சப்போ நாங்க பால் எடுத்துக்கிட்டு இருந்தோம் பாப்பா. ஒம்பதரைக்கு யாரு லயத்துல இருக்கா? அப்பறம் நீ கஷ்டப்பட்டு வரஞ்சது. ஒரு கல்லுதானே, நாங்களே எடுத்துக்கலாம்னு விட்டுட்டோம்."

ஷாமிளாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இது தெரியாமல் நடந்த பிழை என்று சொல்லவும் வழியில்லை. அந்த நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீடு வரையுமுன் வரைகிறவர் இரண்டு வாரம் அந்த ஊர் அடுப்படிகளில் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், விடியலிலிருந்து. இந்தத் தோட்டத்துக்கு அதை வேண்டாம் என்று சொன்னவள் அவள்தான். "தேவையில்ல சேர். நான் அங்கயே பொறந்து வளந்தவ. எனக்குத் தெரியும்." இப்திகாரும் நம்பினார். யார்தான் நம்பமாட்டார்கள்?

ஆனால் ஒன்று இன்னும் இடித்தது. பதினெட்டு வருஷம் அதே காம்பராவில் படுத்து எழும்பியவளுக்கு இது எப்படித் தெரியாமல் போனது? அவள் ஞாபகத்தில் விடியற்காலை என்றால் புகையும், மங்கிய வெளிச்சமும், சாத்திய கதவும்தான். அந்தச் சாத்திய கதவை நம்பித்தான் அடுப்படியைப் பின்னால் தள்ளினாள். கீழே இறங்கிப் போய் வெள்ளையம்மாவிடமே கேட்டாள்.

"நம்ம வீட்டுக் கதவு காலையில சாத்தித்தானேம்மா இருக்கும்? நீங்க மரம் பாக்கவே மாட்டீங்களா?"

வெள்ளையம்மா கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"பாக்காம? நீ ராவெல்லாம் படிச்சிட்டு அப்பத்தான் கண்ணசருவே. கதவத் தொறந்து வச்சா குளிரு நேரா ஒன் மூஞ்சியிலதான் அடிக்கும். சத்தமில்லாம வெளிய போயி, கதவச் சாத்திட்டு, லயத்துக் கோடி வரைக்கும் நடந்து பாத்துட்டு வருவேன்."

"எத்தன தடவ?"

"மழ நாளுன்னா நாலஞ்சு தடவ. ஏன்? இப்ப எதுக்கு இதெல்லாம்?"

ஷாமிளா திரும்பிக் கதவைப் பார்த்தாள். அம்மா சாத்திய கதவுக்குப் பின்னால் தூங்கி எழுந்தவள், அந்தக் கதவை வைத்தே பதினெட்டுப் பெண்களுக்கு அடுப்படி போட்டிருக்கிறாள். அன்றைக்கு அவள் தேத்தண்ணியைக்கூடக் குடிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பாஸ்மார் இரண்டு பேரும் சாந்துச் சட்டியோடு வந்தார்கள். ஷாமிளா அவர்களைத் திருப்பி அனுப்பினாள். இப்திகாருக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம்.

"அடச்சிட்டா இருபத்துநாலு வீடு. அடைக்காட்டி ஒண்டுமில்லாம போகலாம். உங்கட உம்மாட பேரும் அதுல ஈக்கு, மறந்திட்டீங்களா?"

"அடச்சிட்டா அதே பிளானுல இருபத்துநாலு கட்டுவோம் சேர். எங்கம்மாவும் இவங்க மாதிரியே கல்லப் பேக்கணும்."

"அப்ப மேடத்துக்கு என்ன சொல்றது?"

"ஒடச்சது அவங்க இல்ல, பிழையா வரஞ்சது நான்னு எழுதிக் குடுக்குறேன்."

இப்திகார் அவளைப் பார்த்தார். டிசம்பரில் அவளுக்குப் பட்டயக் கட்டடக்கலைஞராவதற்கான நேர்முகம் இருந்தது. அங்கே காட்ட அவள் கையில் இருந்தது இந்தப் பதினெட்டு வீடுதான். அது அவருக்கும் தெரியும். "யோசிச்சுக்கங்க," என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மேடம் வந்தார். முதல் வீட்டு அடுப்படியிலேயே நின்று, ஓட்டையைக் காட்டி, "மே மொகக்த?", இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். அவர் குரலில் கண்டிப்பு இருந்தது. சுப்பம்மாவும் மற்றப் பெண்களும் வாசலில் பயந்து போய் நின்றார்கள். ஷாமிளா தன் கடிதத்தை நீட்டினாள். கூடவே ஒரு தாள்: பதினெட்டு வீடு, ஒவ்வொரு வீட்டுப் பெண்ணின் பெயர், நின்று சமைக்கிறாளா உட்கார்ந்து சமைக்கிறாளா, எத்தனையாவது வரிசைக் கல். பிறகு சிங்களத்திலேயே விஷயத்தைச் சொன்னாள். அடுப்படியில் உட்காரும் இரண்டு வாரம் வேண்டாம் என்று தானே சொன்னதையும் விடாமல் சொன்னாள்.

மேடம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சுப்பம்மாவின் வீட்டுக்கு நடந்தார். அந்தப் பலகையில், சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். டோர்ச்சை எடுத்து ஓட்டை வழியாக அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

எழுந்தவர் ஷாமிளாவிடம், சேதம் என்று தான் எழுதப்போவதில்லை, வடிவமைப்புப் பிழை என்றுதான் எழுதுவேன், பெயரோடு எழுதுவேன் என்றார். இருபத்துநாலு வீட்டுக்கும் அனுமதி உண்டு, ஆனால் அந்த இரண்டு வாரம் அடுப்படியில் உட்காராமல் ஒரு கோடு போடக் கூடாது. "ஹரித?", சரியா என்று கேட்டார். ஷாமிளா தலையாட்டினாள்.

உட்கார்ந்தாள், இருபத்துநாலு அடுப்படியிலும். டிசம்பர் நேர்முகத்துக்கு மேடத்தின் அறிக்கையையே எடுத்துக்கொண்டு போனாள். கேள்வி கேட்டவர்கள் வேறெதையும் கேட்காமல் ஒரு மணி நேரம் ஓட்டையைப் பற்றியே துளைத்தார்கள். அடுத்த முறை வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வாட்ஸப் குழுவில் அவள் அதையும் எழுதினாள். கேக் செய்கிறவள், ஒரு கல் குறைந்த வீடு போல ஒரு கேக் செய்து படம் அனுப்பினாள்.

மாசி மாதம், பட்டியலில் பதினோராவதான வெள்ளையம்மாவின் வீட்டுச் சுவர் நாலு வரிசை எழும்பி நின்றது. இந்த முறை அடுப்படி மரத்தைப் பார்த்த பக்கம். எல்லாருக்கும் ஒரே உயரத்தில் சன்னல் வைக்காமல், அவரவர் கண் உயரம் பார்த்து ஒரு கல்லை வைக்காமல் விடுவதாகப் பேச்சு. பாஸ் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "மிஸ், அம்மாவுக்கு எத்தனையாவது வரி?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எம்மகளுக்குத் தெரியும், அதுகிட்டயே கேட்டுக்கங்க," என்றாள் வெள்ளையம்மா. கூரையில்லாத அடுப்படிக்குள் வரவே கூச்சப்பட்டு வெளியே நின்றாள்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றாள் ஷாமிளா. "நீங்க வந்து நில்லுங்க."

வெள்ளையம்மா வந்து, அடுப்பு வரப்போகிற இடத்தில், சும்மாடு கூட எடுக்காமல் நின்றாள். "இன்னும் ரெண்டு வருஷந்தான் வெட்டப் போறேன், அதுக்குப் போயி," என்று முணுமுணுத்தாள். ஆனால் கண் தன்னால் மரத்துக்குப் போய்விட்டது. "காஞ்சிருக்கு," என்றாள். ஷாமிளா நாடாவைத் தரையில் வைத்து, அம்மாவின் கண் வரைக்கும் இழுத்தாள்.