நீல வாளி டாக்டர்

காலை ஆறு மணிக்கு டாக்டர் தலையில் நீல வாளியைக் கவிழ்த்துக்கொள்கிறார். கண்ணுக்கு இரண்டு ஓட்டை, மூச்சுக்கு ஒன்று. மழைக்கோட்டைக் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு, மீன் தட்டோடு கொட்டகைக்குள் நுழைகிறார். ஒரு வார்த்தை பேச மாட்டார். மீனைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்த வழியே திரும்புவார். வெளியே வந்து வாளியைக் கழற்றியதும், அதுவரை அடக்கி வைத்த பேச்செல்லாம் காவலாளி தலையில் விழும்.

கரை ஒதுங்கும் கடல்நாய்க் குட்டிகளுக்கு வைத்தியம் பார்ப்பது அவர் வேலை. வைத்தியத்தைவிடக் கஷ்டம், அவை மனிதர்மேல் ஆசை வைக்காமல் பார்த்துக்கொள்வது. மனித முகம் பழகிய குட்டி, கடலுக்குப் போனாலும் படகையும் குளிக்க வந்தவரையும் தேடி வந்து அடிபட்டுச் சாகும். அதனால் முகம் காட்டக் கூடாது, குரல் காட்டக் கூடாது, பெயரும் வைக்கக் கூடாது, எண் மட்டும்தான். டாக்டரோ வழியில் போகிற ஆட்டையும் நலம் விசாரிக்கிறவர். பழக்கதோஷத்தில் சில நாள் கணவருக்குச் சாப்பாடு வைத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார்.

"என்னையும் கடல்ல விடப் போறியா?" என்பார் கணவர்.

பதினேழாம் எண், புயலில் தாயைப் பிரிந்து வந்த குட்டி. கண்டெடுத்த புண்ணியவான் அதைக் கம்பளியில் சுற்றி, பக்கத்தில் வெந்நீர்ப் பை வைத்து, பசும்பால் புகட்டியிருந்தார். வயிறு கெட்டு, எலும்பும் தோலுமாக ஒன்பது கிலோவில் வந்து சேர்ந்தது. டாக்டர் குழாய் வழியாக உப்புநீரும் மீன் கூழும் கொடுத்து, மூன்றே மாதத்தில் முப்பது கிலோ ஆக்கினார்.

கடலில் விடலாமா என்று சோதிக்க வனவிலங்கு அதிகாரி வந்தார். பத்து நிமிடம் அதன் முன்னால் நின்றார். குட்டி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. திருப்தியோடு கை கழுவப் போனவர், மூலையிலிருந்த நீல வாளியை எடுத்தார். அவ்வளவுதான். முப்பது கிலோவும் தத்தித் தத்தி ஓடிவந்து, வாளியில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

"மனுஷங்க மேல ஆசை இல்ல, ஒத்துக்கறேன்," என்றார் அதிகாரி. "ஆனா வாளி இல்லாத கடற்கரை எங்க இருக்கு டாக்டர்? பத்து நாள் தரேன். அப்பவும் இப்படியே வந்தா ஆயுசுக்கும் காட்சித் தொட்டிதான்."

முகத்தை மறைப்பதிலேயே குறியாக இருந்தவருக்கு, வாளியும் ஒரு முகம்தான் என்று தோன்றாமல் போய்விட்டது.

இனி வாளியை அது வெறுக்க வேண்டும். அதற்கு வாளி திட்ட வேண்டும். டாக்டருக்குத் திட்ட வராது. முதல் நாள் வாளிக்குள்ளிருந்து, "நீ பண்றது சரியில்லம்மா," என்றார். குட்டி அவர் காலடியில் வந்து படுத்துக்கொண்டது.

வேறு வழியில்லாமல் நாத்தனாரை வரவழைத்தார். கணவரின் அக்கா, இருபத்தைந்து வருடம் பேருந்து நடத்துநர். படிக்கட்டில் தொங்குகிறவர்களை வாயாலேயே உள்ளே தள்ளிவிட்டு, பக்கத்துத் தகரத்தை இரண்டு தட்டு தட்டி வண்டியை எடுக்கச் சொல்பவர். குடும்பத்தில் அவர் வாயில் விழாதவர் கிடையாது. டாக்டர் விழுந்தது கல்யாணமான புதிதில்.

"நான் அன்னைக்குப் பேசினதெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"ஒரு வார்த்தை விடாம இருக்கு, அக்கா."

"அப்ப அதையே சொல்லு. எதுக்குப் புதுசா தேடுற?"

மறுநாள் வாளி பேசியது. "சாப்பிட மட்டும் வாய் இருக்கோ? வந்து மூணு மாசம் ஆச்சு, ஒரு துரும்பை எடுத்துப் போட்டிருக்கியா?" குட்டி வாயில் மீனோடு அசந்து நின்றது. நாத்தனார் வெளியிலிருந்து, "குரல் இறங்குது, ஏத்து," என்று சுவரைத் தட்டினார். நான்காம் நாள், "நானா இப்படியெல்லாம் பேசினேன்?" என்று மெல்லக் கேட்டார்.

"இதுல பாதிதான் சொல்லியிருக்கேன், அக்கா."

அன்றைக்கு டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தது நாத்தனார்தான்.

பத்தாம் நாள் கடற்கரையிலேயே சோதனை. டாக்டர் தலையில் வாளியோடு நின்றார்; அதிகாரி படிவத்தோடு நின்றார்; குட்டி வாளியிடம் வந்தால் ஏற்றிப்போகக் காட்சித் தொட்டியின் லாரியும் நின்றது. கூண்டு திறந்தது. குட்டி தண்ணீர் வரை போயிற்று. நின்றது. திரும்பி, வாளியைப் பார்த்து இரண்டடி தத்தி வந்தது.

பெற்ற பிள்ளையைப்போல டாக்டர் அதன்மேல் ஆசை வைத்திருந்தார். ஒரு தரம் கூப்பிட்டால் மடிக்கே வந்துவிடும்.

"எத்தனை நாளைக்கு இங்கயே உக்காந்து தின்னலாம்னு இருக்க?" என்று கத்தினார். "உனக்குன்னு ஒரு வீடு இல்லையா? போ."

குட்டி அலைக்குள் பாய்ந்தது. தூரத்தில் ஒரு முறை தலை தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

அதிகாரி கையெழுத்துப் போட்டார். லாரி காலியாகப் புறப்பட்டது. "கழட்டும்மா, போதும்," என்றார் கணவர். டாக்டர் கழற்றவில்லை. வாளிக்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. நாத்தனார் மணலில் இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மறு கையால் வாளியை இரண்டு தட்டு தட்டினார். டாக்டர் வாளியோடு நடக்கத் தொடங்கினார்.