மருதையன் கழி

தரங்கம்பாடியில் ஓட்டு வீடு வைத்திருப்பவர்களுக்கு ஐப்பசி பிறந்தால் எல்லையம்மாள் நினைப்பு வந்துவிடும். கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடும் தகர வாய்க்காலில் வேப்பஞ்சருகு மக்கி, புல் மண்டி, தண்ணீர் சுவரில் வழியத் தொடங்கினால், "கூப்பிடு எல்லையம்மாளை" என்பார்கள். அவள் ஏணி கேட்க மாட்டாள். தரையில் நின்றபடியே முடித்துவிடுவாள். ஒரு நீள மூங்கில் கழி, அதன் நுனியில் வளைத்த தோசைத்திருப்பி, கீழே பாதியாக வெட்டிய ஆயில் கேன், பக்கத்தில் ஒரு பழைய மொபெட் கண்ணாடி. எல்லாம் வலைக்கயிற்றால் அவளே கட்டியது. கண்ணாடியில் பார்த்துக் கிளறி, கேனில் அள்ளிக் கொட்டுவாள். வாயும் சும்மா இருக்காது.

"இதென்ன டீச்சர், வாய்க்காலா நாத்தங்காலா? இன்னும் பத்து நாள் விட்டா நடவே நட்டுடலாம் போலருக்கு!"

அந்தக் கழி அவளுடையதல்ல. புருஷன் மருதையனுடையது. படகு தரை தட்டினால் உந்தித் தள்ள வைத்திருந்தான். ரோஸ்லின் டீச்சர் வீட்டு வாய்க்காலில் வேர்விட்ட அரசங்கன்றை அறுக்க, அந்தப் பாழாய்ப்போன நாளில் அவள் அதை எடுத்து வந்துவிட்டாள். மருதையன் தேடிக்கொண்டு டீச்சர் வாசலுக்கே வந்தான்.

"ஏண்டி, கழியை இங்கயா கொண்டாந்த?"

"பாதி வேலைல நிக்கிறேன். ஒரு நாள் இது இல்லாட்டி உங்க படகு நவுராதாக்கும்!"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, வச்சுக்க. சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்."

அவ்வளவுதான். அன்று அவன் கடலுக்குப் போன படகு கவிழ்ந்து கரை ஒதுங்கியது. ஆள் வரவில்லை. அந்தக் கடல் எதையெதையோ கொண்டுவந்து கரையில் போடுகிறது, அவனை மட்டும் கொடுக்கவில்லை.

கழி கையில் இருந்திருந்தாலும் நடுக்கடல் ஆழத்தில் அது எந்த மூலைக்கு? அது எல்லையம்மாளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, மனசு கேட்க வேண்டுமே! உடல் கிடைக்காதவர்களுக்கு வைக்கோலில் ஆள் செய்து, அவர்கள் புழங்கிய பொருளோடு கரையில் எரித்துக் கருமாதி முடிப்பது அங்கே வழக்கம். அந்தப் பேச்சை எடுத்தாலே அவள் சீறுவாள். "வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. வரட்டும்." தாலியைக் கழற்றவில்லை. கழியையும் பிறர் தொட விடவில்லை. ஊர் என்னென்னவோ பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

வருஷங்கள் போயின. மகள் ஆர்த்திக்கு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தங்கமான மனிதர்கள்தான், ஆனால் கருமாதி முடியாத வீட்டில் பெண்ணெடுக்கத் தயங்கினார்கள். "பொண்ணோட அப்பா இருக்காரா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார்கள். எல்லையம்மாளால் சொல்ல முடியவில்லை. ஆர்த்தி அம்மாவை வற்புறுத்தவும் இல்லை. "எனக்குக் கல்யாணமே வேணாம்மா" என்று மட்டும் சொன்னாள். எல்லையம்மாள் மகளை ஏறிட்டுப் பார்த்தாள். இவளும் தன்னைப் போலவே வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டுமா? அன்றைக்கே கொழுந்தன் தியாகுவைக் கூப்பிட்டு, "உங்க அண்ணன் கருமாதிக்கு நாள் பாருங்க தம்பி" என்றாள்.

கரையில் வைக்கோல் ஆளைக் கிடத்தி, மருதையன் சட்டையைப் போர்த்தியிருந்தார்கள். பெண்கள் நிற்கும் இடத்தைத் தாண்டி எல்லையம்மாள் கழியோடு நடந்து வந்தாள். திருப்பி, கேன், கண்ணாடி எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு, வாய்க்கால் சேறு போகத் தேய்த்துக் கழுவியிருந்தாள்.

"அண்ணி, சட்டையே போதும். இது உங்க பொழப்பு" என்று தியாகு தடுத்தான்.

"அவரு கேட்டது தம்பி. கொடுக்காம எப்படி அனுப்புறது?"

மூங்கில் படபடவென்று வெடித்து எரிந்தபோதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். இத்தனை வருஷமும் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

ஆர்த்தி கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அடுத்த ஐப்பசியில் ரோஸ்லின் டீச்சர் ஆள் அனுப்பினார். அதே இடத்தில் அரசங்கன்று மறுபடி முளைத்திருந்தது. எல்லையம்மாள் பச்சை மாறாத ஒரு புது மூங்கிலோடு வந்தாள். கனம் கையை இழுத்தது. கேலிப் பேச்சு ஒன்றும் இல்லை.

"என்ன எல்லையம்மா, கழி புதுசா இருக்கு? பழசு எங்க?" என்று டீச்சர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

அவள் வேரில் திருப்பியை மாட்டி இழுத்தபடி, திரும்பாமலே சொன்னாள்.

"அவரு வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு, டீச்சர்."