முழங்காலைக் கேட்க மறந்த அட்டவணை

என் கால் முறிந்தது நின்றுகொண்டிருந்த மோட்டார் சைக்கிளால். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். வார்ட்டில் கிடந்த ஒன்பது நாளும் பார்க்க வந்த எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்டார்கள்.

ஓட்டமாவடியிலிருந்து உள்ளே போனால் எங்கள் வயல் வட்டை. அதற்கு நான் விதானை. எந்த வயலுக்கு எந்த நாளில் எவ்வளவு நேரம் தண்ணீர் போக வேண்டும் என்று பார்த்து, வரம்பில் தண்ணீர் விடும் வக்கடைகளைத் திறப்பதும் அடைப்பதும் என் பொறுப்பு. சிறுபோக நெல் விதைப்புக்குக் குளம் திறக்க மூன்று கிழமை இருந்தது. வாய்க்கால் கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு, எங்கெங்கே கரை உடைந்திருக்கிறது என்று கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். முதல் நாள் மழை பெய்திருந்தது. சைக்கிளின் ஸ்டாண்ட் ஈரமண்ணில் மெல்ல மெல்ல இறங்கியதை நான் கவனிக்கவில்லை. சைக்கிள் என் மேல் சாய்ந்தபோது வலது பாதம் சேற்றில் புதைந்திருந்தது. கால் திரும்பியது, பாதம் திரும்பவில்லை. கொப்பியில் அன்றைய கடைசி வரி "மூன்றாம் வளைவு, உடைவு இரண்டு முழ" என்பதோடு நின்று, பேனைக் கோடு பக்கத்தின் அடிவரை ஓடியிருக்கிறது.

என்னைத் தூக்க வந்தவர் என் மனைவியின் தம்பி. என்னைவிடச் சற்று இளையவர், பக்கத்து வயல்காரர்.

"சைக்கிள் ஓடக்குள்ள விழுந்தாலும் ஒரு மரியாதை இருக்கு மச்சான்," என்றார். "நிக்கிற சைக்கிள் தள்ளிவிட்டதெண்டு நான் ஊருல எப்பிடிச் சொல்றது?"

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கணைக்கால் எலும்பு, கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, கரும்பைச் சாய்த்து வெட்டியதுபோல முறிந்திருந்தது. தோல் கிழியவில்லை. எலும்பு டொக்டர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். கட்டிலருகே நின்று ஒரு தாளில் காலை வரைந்தார். அவர் வரைந்த கால் வாழைக்குற்றிபோல இருந்தாலும் விளக்கம் தெளிவாக இருந்தது.

"இந்த இடத்தில முறிஞ்சா ரெண்டு வழி இருக்கு ஐயா. முழங்காலுக்குக் கீழ வெட்டி, எலும்பின்ட நடுவால நீட்டு ஆணி ஒண்டு இறக்கலாம். இல்லாட்டி கணுக்கால் பக்கத்தால தகடு ஒண்டு வச்சுத் திருகாணி போடலாம். எலும்பு பொருந்துறதுக்கு ரெண்டும் நல்லதுதான். ஆணி போட்டா சுறுக்கா காலை ஊண்டலாம். தகடு போட்டா ரெண்டு மூண்டு மாசத்துக்குப் பாதம் நிலத்தில படக்கூடாது."

"தகட்டால என்ன லாபம் டொக்டர்?"

"முழங்காலைத் தொட மாட்டம். ஆணி போட்ட சில பேருக்கு முழங்கால் ஊண்டக்குள்ள நோகும். எல்லாருக்கும் இல்ல. உங்களுக்கு முழங்காலில நிண்டு செய்யிற வேலை ஏதும் இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். விதானை வேலை நடக்கும் வேலை. வரம்பில் குனிவதுண்டு, குந்துவதுண்டு. முழங்கால் ஊன்றுவதில்லை.

"இல்ல," என்றேன்.

"அப்ப ஆணி நல்லம்போல. நாளைக்குக் காலையில முடிவைச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அன்று மத்தியானம் கொப்பியில் அட்டவணை போட்டேன். மேலே நான்கு தலைப்பு: ஆணி, தகடு, வெளிச்சட்டம், வெறும் பிளாஸ்டர். டொக்டர் இரண்டு வழிதான் சொன்னார் என்றாலும் அட்டவணை முழுமையாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் பதினொரு வரி: எத்தனை நாளில் ஊன்றலாம், எத்தனை நாளில் வரம்பில் நடக்கலாம், வெட்டு எவ்வளவு நீளம், சேறு படலாமா என்று போனது. ஒவ்வொரு வரியிலும் வென்ற வழிக்கு ஒரு சரி போட்டேன். ஆணிக்கு எட்டுச் சரி விழுந்தது.

வெளிச்சட்டத்துக்கு ஆதாரம் பக்கத்துக் கட்டிலிலேயே இருந்தது. வாவியில் மீன் பிடிப்பவர், நாற்பது வயதிருக்கும். ஓட்டோ மோதிக் காலில் தோல் பிய்ந்துபோனதால் எலும்புக்குள் கம்பிகளைச் செருகி, வெளியே இரும்புச் சட்டத்தால் பூட்டியிருந்தார்கள்.

"இதுல கொக்கு வந்து குந்தாததுதான் குறை, நானா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார். அட்டவணையை எட்டிப் பார்த்தார். "ஆணியைப் பத்தி என்னட்டக் கேளுங்க. மத்தக் காலில இருக்கு. பழைய முறிவு."

"எப்பிடி இருக்கு தம்பி?"

"நடக்க ராசா மாதிரி. மழைக்கும் ஒண்டுமில்ல. ஆனா தோணியில முட்டி ஊண்டி வலை இழுக்கக்குள்ள சுள்ளெண்டு ஏறும். சாக்கை நாலா மடிச்சு முட்டிக்குக் கீழ வச்சுக்குவன்."

பன்னிரண்டாவது வரியாக அதையும் எழுதினேன்: "தோணியில் முழங்கால் ஊன்றினால் நோவு. சாக்குத் தேவை. எனக்குப் பொருந்தாது." பொருந்தாது என்பதன் கீழே அடிக்கோடும் போட்டேன்.

அஸர் நேரம் வந்தது. படுத்தபடியே தொழுதேன். குனிய வேண்டிய ருகூஉவுக்குத் தலையைக் கொஞ்சம் அசைத்தேன். நெற்றியை நிலத்தில் வைக்கும் சுஜூதுக்கு இன்னும் கொஞ்சம் அசைக்கப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. முழங்காலில் நிற்கிற வேலை இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். தொழுகையை நான் ஒருநாளும் வேலை என்று நினைத்ததில்லை. அதனால் இல்லை என்று சொல்லிவிட்டேன். கடமையான பர்ளுத் தொழுகை மட்டும் ஒரு நாளைக்குப் பதினேழு ரக்அத், பதினேழு சுற்று. நெற்றி நிலத்தில் படுவது முப்பத்து நான்கு தடவை. அதற்காக முழங்கால் நிலத்துக்கு இறங்குவது பதினேழு தடவை. மேலதிகமாகத் தொழும் சுன்னத்துத் தொழுகைகளைக் கூட்டவில்லை.

பின்னேரம் மனைவியும் மச்சானும் சாப்பாட்டோடு வந்தார்கள். அட்டவணையைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வக்கடையெல்லாம் கணக்கா எழுதி வைப்பீங்க. அஞ்சு நேரத் தொழுகை கணக்கில வரல்லயா?"

"கதிரையில இருந்து தொழலாம்தானே," என்றார் மச்சான். "பள்ளியில எத்தின பேர் தொழுறாங்க. ஆணியைப் போடுங்க, தண்ணி திறந்து கொஞ்ச நாளில வட்டைக்கு வந்திருவீங்க. இல்லாட்டி ஆரு தண்ணி பார்க்கிறது?"

கதிரையில் உட்கார்ந்து தொழுவதில் ஒரு குறையும் இல்லை. எனக்கும் ஒருநாள் பள்ளியின் ஓரத்தில் ஒரு கதிரை வரும். ஆனால் நிலத்தில் நெற்றி பட்டதும் வரும் குளிர்ச்சியை இப்போதே விட எனக்கு மனமில்லை. அதே நேரம், தண்ணீர் திறந்த முதல் இரண்டு மாதம் நான் வரம்பில் இல்லாவிட்டால் வட்டை என்னாகும் என்ற பயமும் உண்மையான பயம். என் கைக்கொப்பி இல்லாமல் அங்கே ஒரு வக்கடை திறந்ததில்லை.

"நீதான் பார்க்கணும்," என்றாள் மனைவி தம்பியிடம்.

"நானோ? எனக்கு எழுத்து வராது."

"தண்ணிக்கு எழுத்து எதுக்கு? பள்ளத்துக்குப் போகும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "வட்டைக்கு விதானை ஆரும் ஆகலாம். உங்கட முட்டிக்குப் பதில் ஆள் ஆரு?"

இந்த வரி என் அட்டவணையில் இல்லை.

காலையில் டொக்டர் வந்ததும், "நேத்து ஒரு பிழையான பதில் சொல்லிப்போட்டன்," என்றேன். பதினேழையும் முப்பத்து நான்கையும் விளக்கினேன். அவர் சிரிக்காமல் கேட்டார். ஆணி போட்டாலும் நோகாமல் இருக்கக்கூடும் என்று மறுபடி சொன்னார். தகடு என்றால் நான் பாதத்தை ஊன்றாமல் பொறுமையாக இருப்பேனா என்று கேட்டார்.

"இருப்பன்."

"வயலுக்குப் போக மாட்டீங்க?"

"மாட்டார்," என்றார் பக்கத்துக் கட்டில்காரர். "அவர்ட சைக்கிளே அவரை விடாது."

தகடு வைத்தார்கள். வீட்டுக்கு வந்து எழுபத்தொன்பது நாள் பாதத்தை நிலத்தில் வைக்கவில்லை. என் முறைத் தண்ணீர்க் கொப்பியை மச்சானிடம் கொடுத்திருந்தேன். முதல் கிழமை நாளுக்குப் பதினைந்து தடவை போன் எடுத்தேன். இரண்டாம் கிழமை அவர் பதில் சொல்வதை நிறுத்தி, தண்ணீர் ஓடுவதை மட்டும் வீடியோ எடுத்து அனுப்பினார். விளைச்சலும் வந்தது. கொப்பி திரும்பி வந்தபோது அவர் கையெழுத்தில் மொத்தம் ஆறு வரிதான் இருந்தது. ஐந்து வரியில் "தண்ணி போச்சு". ஆறாவதில் "கடைசி வயலுக்கு முதல் குடுத்தன், சண்டை இல்ல". இத்தனை போகமும் நான் மேல் வயலிலிருந்துதான் தொடங்கியிருக்கிறேன், சண்டையும் பிடித்திருக்கிறேன். கொப்பி வந்த மூன்றாம் நாள், அடுத்த மாரிப்போகத்துக்கும் அவரையே பார்க்கச் சொன்னேன். அவர் ஓம் என்று ஒத்துக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் கவலைதான்.

ஐந்தாம் மாதம் ஒரு மத்தியானம், லுஹருக்கு முதன்முதலாக நிலத்தில் தொழுதேன். கதவடியில் மனைவி ஏற்கெனவே மடித்த துணியைத் திரும்ப மடித்துக்கொண்டு நின்றாள். முழங்கால் இறங்கியது. நோவு இல்லை. நெற்றியில் குளிர்ச்சி பட்டது. அதை வழமையைவிட நேரமெடுத்து அனுபவித்தேன். நெற்றியை எடுத்து, காலை மடித்து இருப்புக்கு உட்காரும்போதுதான் கணுக்கால் மடியத் தயங்கியது. கொஞ்சம் கோணலாக உட்கார்ந்து முடித்தேன்.

துஆக் கேட்ட பிறகு அட்டவணையை எடுத்தேன். கணுக்காலுக்கு அதில் வரியே இல்லை.

பின்னேரம் பக்கத்துக் கட்டிலில் இருந்த வாவிக்காரருக்குப் போன் எடுத்தேன். அவருடைய சட்டத்தைக் கழற்றிவிட்டார்களாம்.

"முட்டி எப்பிடி நானா?"

"முட்டி நல்லம். கணுக்கால்தான் மடிச்சு இருக்கக்குள்ள இறுக்குது."

"சாக்கை மடிச்சுக் கீழ வையுங்க."

பொழுதுபட்டதும் தொழும் மஃரிபுக்குச் சாக்கைத் துவைக்க நேரமில்லாததால் பழைய துவாயை நாலாக மடித்துக் கணுக்காலுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். இறுக்கம் குறைந்தது. பிறகு கொப்பியைத் திறந்து, பன்னிரண்டாவது வரியில் அடிக்கோடிட்டிருந்த "பொருந்தாது" என்ற சொல்லை ஒரே கோட்டால் வெட்டினேன். பக்கத்தில் "பொருந்தும்" என்று எழுதித் திகதியும் போட்டேன்.